நான்கு மாதமாகத் தொழுகைப் பாயை விரிக்கவில்லை, டாக்டர்

பெயர் வேண்டாம் என்று கேட்டு எழுதியிருக்கும் இந்தச் சகோதரிக்கு வயது 33. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, 31-ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான லோசார்டன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நிலையில், சில மாதங்களுக்கு முன் எதிர்பாராமல் மூன்றாவது முறை கருவுற்றார். மகப்பேறு மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் தனித்தனியே பார்த்துவிட்டு, தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்ல, கணவரும் சம்மதிக்க, 51-ஆவது நாளில் கருவைக் கலைத்திருக்கிறார். 16 நாள் உதிரப்போக்கு. கணவரின் தாயான மாமிக்கு விஷயம் தெரிந்த அன்று, "அந்தக் கையை ஏந்தி இனி என்ன துஆ (பிரார்த்தனை) கேட்பாய்?" என்று கேட்டாராம். உதிரம் நின்ற பிறகும் அவர் தொழவில்லை. நான்கு மாதமாகிறது.

அவர் கேட்பவை இவை. நாற்பது நாளைத் தாண்டிக் கலைத்ததால் நான் கொலைகாரியா? அதற்கு முன், நல்லது எது என்று இறைவனிடம் வழிகேட்கும் இஸ்திகாரா தொழுதும் கனவு எதுவும் வரவில்லையே, அது அல்லாஹ்வின் மறுப்பா? இப்போது டாக்டர் கருத்தடை அறுவை செய்துகொள்ளச் சொல்கிறார், அது ஹராமா (மார்க்கத்தில் தடுக்கப்பட்டதா)? கடைசியாக, ஐந்து வருடமாகப் பிள்ளையில்லாத தன் நாத்தனாரை அவரது கணவர் வீட்டார் வதைக்கிறார்கள், கணவரோ ஒரு பரிசோதனைக்கும் வர மறுக்கிறார். "இனப்பெருக்க நீதி என்று ஒரு சொல்லைப் படித்தேன். பெண்கள் குர்ஆன் வகுப்பில் சொன்னபோது, அதெல்லாம் நமக்கு ஆகாத சொல் என்று நிறுத்திவிட்டார்கள். நான் அவளுக்காகப் பேசினால் என் ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) குறைவா?"

அன்புச் சகோதரி, வ அலைக்கும் ஸலாம்.

நான் மகப்பேறு மருத்துவர். உடலைப் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு. மார்க்கச் சட்டத்தில் நான் சொல்பவை இமாம்கள் எழுதி வைத்தவற்றின் சுருக்கம்தான். உங்கள் விஷயத்தில் கடைசி வார்த்தையை, உங்கள் மருத்துவ அறிக்கைகளைப் பொறுமையாகக் கேட்கக்கூடிய மார்க்கம் கற்ற ஓர் ஆலிமாவிடமோ தீர்ப்புச் சொல்லும் முஃப்தியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கரு பற்றிய கேள்வி இல்லை. துஆ கேட்கவே தகுதியில்லை என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்களே, அதுதான். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

பாயை விரிக்க யாருடைய அனுமதி வேண்டும்?

உதிரம் கண்ட 16 நாளும் நீங்கள் தொழாமல் இருந்தது சரிதான். நீங்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மத்ஹபில் கரு வெளியானபின் வரும் உதிரம், கரு வெறும் சதைப்பிண்டமாக இருந்திருந்தாலும், நிஃபாஸ், அதாவது பேறுகால உதிரம், என்ற கணக்கில் வரும். நிஃபாஸின் உச்சம் 60 நாள். உங்களுடையது 16 நாளில் நின்றுவிட்டது. அந்த நாட்களின் தொழுகைக்குக் களா (விட்டதைப் பிறகு தொழுது ஈடுசெய்வது) இல்லை. உதிரம் நின்றதிலிருந்து விட்ட தொழுகைகள்தான் கணக்கில் நிற்கின்றன. நான்கு மாதம் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். நாளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வக்துக்கும் (தொழுகை நேரத்துக்கும்) கூடவே ஒரு களாவைச் சேர்த்துத் தொழுதாலே அதே அளவு காலத்தில் முடிந்துவிடும். எந்த ஒழுங்கில் செய்வது என்பதை ஆலிமா சொல்லித் தருவார்.

இன்னொன்று. தொழுகை விலக்கப்பட்ட அந்த 16 நாளிலும் துஆ விலக்கப்படவில்லை. இறைவனை நினைவுகூரும் திக்ரும் நபிக்கு வாழ்த்துரைக்கும் ஸலவாத்தும் பாவமன்னிப்புக் கேட்பதும் எந்த உதிர நாளிலும் தடையில்லை. இதை நம் பெண்களிடம் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் உடம்பு அதிகம் நொந்திருக்கும் நாளில்தான் அவர்கள் இறைவனிடம் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அழுதுகொண்டிருந்ததை நபிமொழிகளான ஹதீஸில் படித்திருப்பீர்கள். மாதவிடாய் வந்துவிட்டது, ஹஜ்ஜே போய்விட்டது என்று நினைத்து அழுதார்கள். நபி (ஸல்) அவர்கள், இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று சொல்லி, கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். அதே பயணத்தில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்றார்கள். குளித்து, துணியை இறுகக் கட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்கான இஹ்ராம் அணியுங்கள் என்றுதான் பதில் வந்தது. உதிரம் வடியும் பெண்ணை அந்தக் கூட்டம் பின்னால் விட்டுவிட்டுப் போகவில்லை.

மாமி கேட்ட கேள்விக்கு குர்ஆனிலேயே பதில் இருக்கிறது. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களைப் பார்த்து, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள் என்று 39-ஆவது சூராவின் 53-ஆவது வசனம் சொல்கிறது. அதாவது, நீங்கள் செய்தது பெரும் பாவமே என்று வைத்துக்கொண்டாலும் துஆவின் வாசல் மூடப்படாது. நீங்கள் செய்தது அப்படிப்பட்ட பாவமா என்பது அடுத்த கேள்வி.

51 நாள், 40 நாள், 120 நாள்

இங்கே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. நாங்கள் ஸ்கேனில் எழுதும் வாரங்கள் கரு உருவான நாளிலிருந்து தொடங்குவதில்லை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகின்றன. கரு உருவாவது பெரும்பாலும் அதற்கு இரண்டு வாரம் கழித்து. ஆக, 51 நாள் என்று உங்கள் அறிக்கையில் இருந்தால் கருவின் வயது ஏறக்குறைய 37 நாள். மார்க்கச் சட்டமான ஃபிக்ஹ் நூல்கள் பேசும் 40, 120 எல்லாம் கரு தங்கியதிலிருந்து எண்ணப்படுபவை. அந்த 120 நாள் எங்கள் கணக்கில் 19 வாரத்தை ஒட்டி வரும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு அழுத பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஆலிமாவிடம் போகும்போதும் "கடைசி மாதவிடாயிலிருந்து 51" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சரி, அந்த நாட்களுக்கு என்ன முக்கியத்துவம்? கருவின் படிநிலைகளை நாற்பது நாற்பது நாளாகச் சொல்லி, பிறகு வானவர் உயிரை ஊதுவதாகக் கூறும், நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்த ஹதீஸிலிருந்து 120 நாள் என்ற எல்லை வந்தது. உயிர் ஊதப்பட்ட பிறகு தாயின் உயிரைக் காப்பதற்கு அல்லாமல் கலைக்கக் கூடாது என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. அதற்கு முன்னால்தான் கருத்து வேறுபாடு. ஹனஃபி அறிஞர்கள் பலர் தக்க காரணம் இருந்தால் அனுமதித்தார்கள். பால்குடி மறக்காத குழந்தை இருக்கும்போது தாய்க்குப் பால் வற்றிப்போவதைக்கூட ஒரு காரணமாக இப்னு ஆபிதீன் எழுதியிருக்கிறார். மாலிக்கி மத்ஹப் மிகக் கண்டிப்பானது, பெரும்பாலோர் நாற்பது நாளுக்கு முன்பும் கூடாது என்கிறார்கள். ஷாஃபி மத்ஹபுக்குள்ளேயே இரண்டு பக்கமும் பெரிய இமாம்கள் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி கரு தங்கியதிலிருந்தே கலைப்பது குற்றம் என்றும், நாள் ஆக ஆக அந்தக் குற்றம் கனக்கும் என்றும் சொன்னவர். இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் காரணமே இல்லாத கலைப்பும் உயிர்ப்பயத்தில் செய்த கலைப்பும் ஒன்று என்று வைத்துவிடக் கூடாது. தாயின் உயிரை முன்னிறுத்துவதை இக்கால அறிஞர்கள் பலர் 120 நாளுக்குப் பிறகுகூட ஏற்கிறார்கள். உங்களுடையது அதற்கு வெகு முன்பு, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சொன்னதன் பேரில் நடந்தது.

முஸ்லிம் நாடு எதுவும் இதை ஏற்காது என்று உங்கள் மாமி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியான தகவல் இல்லை. துனீசியாவில் 1973 முதல் மூன்று மாதம் வரை சட்டம் அனுமதிக்கிறது. துருக்கியில் 1983 சட்டப்படி பத்து வாரம் வரை. ஈரானில் 2005-இல் வந்த சட்டம், தாயின் உயிருக்கு ஆபத்து என்று மூன்று நிபுணர்கள் உறுதிசெய்தால் நான்கு மாதத்துக்குள் அனுமதித்தது. 1990-இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, 120 நாளுக்கு முன், குணப்படுத்த முடியாத கடும் ஊனம் மருத்துவக் குழுவால் உறுதியானால் பெற்றோர் விருப்பத்தின் பேரில் அனுமதிக்கலாம் என்றும், தாயின் உயிருக்கு நிச்சயமான ஆபத்து என்றால் 120-க்குப் பிறகும் அனுமதிக்கலாம் என்றும் முடிவெடுத்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்பதால், இனி எந்த முடிவையும் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்துக்குள், பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டுமே எடுக்க வேண்டும்.

துக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிவு சரியாக இருந்தும் துக்கம் வரும். அழுவதாலேயே தவறு செய்தவர் ஆகிவிட மாட்டீர்கள். பேறுகால வலியில், இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று ஈஸா நபியின் தாய் மர்யம் (அலை) சொன்னதை குர்ஆன் அப்படியே பதிவுசெய்திருக்கிறது. அவரை அதற்காகக் கண்டிக்கவில்லை. கவலைப்படாதீர்கள் என்று குரல் வந்தது, குடிக்க நீரும் உண்ணப் பேரீச்சம்பழமும் கிடைத்தன. ஆனால் உங்களுக்கு நான்கு மாதமாகத் தூக்கமில்லை, பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை என்கிறீர்கள். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நாள் வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கனவு வராத இஸ்திகாரா

இஸ்திகாராவின் துஆவை ஒருமுறை அர்த்தத்தோடு படித்துப் பாருங்கள். இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எனக்கு எளிதாக்கு, தீயதென்றால் அதை என்னிடமிருந்தும் என்னை அதனிடமிருந்தும் திருப்பிவிடு என்று கேட்கிறோம். அதில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பச்சை தெரிந்தால் சம்மதம், கறுப்பு தெரிந்தால் மறுப்பு என்பதெல்லாம் பிற்காலத்து வழக்கம். விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்து, இரண்டு ரக்அத் தொழுது கேட்டுவிட்டு, முடிந்த வழியில் நடப்பதுதான் இஸ்திகாரா. நீங்கள் கேட்டீர்கள். இரண்டு மருத்துவர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள், கணவர் மறுக்கவில்லை, சிகிச்சை சிக்கலில்லாமல் முடிந்தது. கனவு வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இப்போது அவசரமான விஷயம்

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பயமுறுத்துகிறது. "இப்போதைக்கு நாள் பார்த்து இருக்கிறோம்." அதாவது, கரு தங்காத நாள் என்று கணக்குப் பார்த்துச் சேர்கிறீர்கள். சகோதரி, கரு கலைந்து மூன்று வாரத்துக்குள்ளேயே கருமுட்டை மறுபடி வெளியாகிவிடலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாதபோது நாள் கணக்கை நம்பவே முடியாது. லோசார்டன் வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. அதைத் திடீரென நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதனால் நாளைக் காலையில் முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கர்ப்பம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்வரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம்.

கருத்தடை ஹராம் என்பது பொதுவாகச் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை. குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நாங்கள் அஸ்ல் (விந்து உள்ளே போகாமல் விலகிக்கொள்வது) செய்துவந்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. கலைப்பில் அவ்வளவு கண்டிப்பாக இருந்த அதே கஸ்ஸாலி, அஸ்லை அனுமதித்தார். பிரசவத்தில் மனைவியின் உயிருக்கு வரும் ஆபத்தையும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார். "அதிகம் பிள்ளை பெறும் பெண்ணை மணமுடியுங்கள்" என்ற ஹதீஸை மாமி சொல்கிறார், அந்த ஹதீஸ் இருக்கிறது. ஆயினும் ஆயிஷா (ரலி) பிள்ளையே பெறவில்லை, அவர்களின் தகுதியில் ஒரு குறையும் இல்லை. வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற வசனம் பிறந்த குழந்தைகளைப் பற்றியது.

நிரந்தர அறுவை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டியது. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, ஆணோ பெண்ணோ பிள்ளை பெறும் ஆற்றலை அடியோடு நீக்கிக்கொள்வது ஷரீஅத் ஏற்கும் தேவை இல்லாமல் கூடாது என்றும், கணவன் மனைவி கலந்து பேசித் தற்காலிகமாக இடைவெளி விடுவது ஆகும் என்றும் தீர்மானித்தது. உங்கள் சிறுநீரக அறிக்கை அந்தத் தேவைக்குள் வரும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அறுவைக்கு இணையான பாதுகாப்பு தரும் தற்காலிக முறைகள் இருக்கும்போது, மனம் தயங்கும் பெண்ணை நான் அறுவைக்கு அவசரப்படுத்த மாட்டேன்.

உங்களுக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகாது, ரத்த அழுத்தம் இருக்கிறது. கருப்பையில் வைக்கும் காப்பர்-டி பத்து வருடம் வரை காக்கும். அது பெரும்பாலும் விந்தணுவை முட்டையிடம் சேரவிடாமல்தான் வேலை செய்கிறது, ஒவ்வொரு மாதமும் கருவைக் கலைக்கிறது என்பது தவறான பேச்சு. மாதவிடாய் சற்று அதிகமாகலாம். ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தில் போகப்போக உதிரம் குறையும், ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகத் தெரியும். கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்டிலும் நாள் தவறி உதிரம் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லக் காரணம் இருக்கிறது. தொழலாமா கூடாதா என்ற குழப்பத்திலேயே நம் பெண்கள் பலர் சாதனத்தை எடுத்துவிடுகிறார்கள். ஷாஃபி மத்ஹபில் ஹைளின் (மாதவிடாயின்) உச்சம் 15 நாள், இரண்டு ஹைளுக்கு நடுவே குறைந்தது 15 நாள் சுத்தம். அந்த வரம்பை மீறி வருவது இஸ்திஹாளா, மாதவிடாயாகக் கணக்கில் வராத உதிரம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) இதே கேள்வியோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள், தொழுகையை விட வேண்டாம் என்ற பதிலைப் பெற்றார்கள். வக்து நுழைந்தபின் கழுவி, பேட் மாற்றி, ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்து தொழ வேண்டியதுதான். ஒரு காலண்டரில் தினமும் குறித்து வைத்து ஆலிமாவிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவரையும் அடுத்த சந்திப்புக்கு அழைத்து வரச் சொல்வேன். அன்று சம்மதித்துவிட்டு, இன்று தாய் பேசும்போது வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது நியாயம் இல்லை. முடிவு இருவருடையது, பழியும் வதையும் உங்களுக்கு மட்டும் என்று ஆகக் கூடாது. எந்தத் தாயும் தன் பிள்ளையின் பொருட்டுத் துன்புறுத்தப்படக் கூடாது என்று சூரா பகராவின் 233-ஆவது வசனம் சொல்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் மனமொத்து, கலந்து பேசிச் செய்யச் சொல்வதும் அதே வசனம்தான்.

நாத்தனாருக்காகப் பேசலாமா?

இனப்பெருக்க நீதி என்ற சொல்லை 1994-இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உருவாக்கினார்கள். பிள்ளை பெறும் உரிமை, பெறாமலிருக்கும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பாக வளர்க்கும் உரிமை என்று மூன்றையும் அவர்கள் சேர்த்துப் பேசினார்கள். சொல் வெளியிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டிலோ, பெற முடியாத உடம்பை இன்னும் பெறச் சொல்கிறார்கள். பெற ஏங்கும் நாத்தனாரை அவள் புகுந்த வீட்டில் மலடி என்கிறார்கள். இரண்டு பேருடைய வலியும் ஒரே இடத்திலிருந்து வருவதால்தான் அந்தச் சொல் உங்களைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

குறையோடு ஒரு பெண் போய் நிற்பது நம் மார்க்கத்தில் புதிதா? கணவர் ளிஹார் சொல்லி, அதாவது நீ எனக்குத் தாயைப் போன்றவள் என்று சொல்லி, ஒதுக்கியபோது கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள், அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அந்தப் பெண்ணின் சொல்லை அல்லாஹ் செவியுற்றான் என்று தொடங்குகிறது சூரா அல்-முஜாதலா. அவர்களின் துஆவும் வாதமும் ஒரே மூச்சில் வந்தவை. 2017-இல் இந்தோனேசியாவின் சிரெபோனில் பெண் உலமாக்கள் ஒரு மாநாடாகக் கூடி, குர்ஆனையும் ஹதீஸையும் முன்வைத்தே, பாலியல் வன்முறைக்கும் சிறார் திருமணத்துக்கும் எதிராகத் தீர்ப்புரைத்தார்கள். உங்கள் வகுப்பிலும் அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, கவ்லாவின் கதையிலிருந்து பேசிப் பாருங்கள்.

நாத்தனாரின் கணவருக்கு மருத்துவம் சொல்வது இது: பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. தனியாகவோ, பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் எளியது, ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பெண்ணை ஸ்கேன், சாயப் படம், லேப்ராஸ்கோபி என்று அலைக்கழிக்கும் முன் அதைச் செய்ய வேண்டும். ஜகரிய்யா நபி (அலை) இறைவனிடம் பிள்ளை கேட்டபோது முதலில் தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும்தான் சொன்னார்கள், பிறகே மனைவியின் மலட்டுத்தன்மையைச் சொன்னார்கள் என்பதை அந்தக் கணவருக்கு யாராவது எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் நேரில் போய் மோத வேண்டாம். அங்கே கோபம் வந்தால் அடி அவள்மீதுதான் விழும். உங்கள் கணவர் அவளுக்கு அண்ணன். அவர் மூலமோ, அந்த வீட்டில் மதிப்புள்ள ஒரு பெரியவர் மூலமோ போகட்டும். அடி உதை என்று போனால் அது குடும்ப விவகாரம் என்ற நிலையைக் கடந்துவிட்டது, சட்ட உதவி நாடச் சொல்லுங்கள்.

உங்கள் சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும், காலை மாலை என ஒரு வாரம் பார்த்த ரத்த அழுத்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஆலிமா ஒருவர் கூட வர முடிந்தால் மிகவும் நல்லது, இரண்டு கேள்விக்கும் ஒரே அறையில் பதில் கிடைக்கும். களாக் கணக்கு முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வக்துக்கு பாங்கு சொன்னதும் ஒளூ செய்து நில்லுங்கள். ஸலாம் கொடுத்த பிறகு கையை ஏந்தி, எனக்கு எழுதியதையெல்லாம் அப்படியே தமிழில் சொல்லுங்கள்.